ஓடாத காருக்குத்தான் பேட்டரி சீக்கிரம் போகிறது

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்தால் பாதி ஒரே ரகம். ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், மாதத்துக்கு ஒரு முறைகூட வெளியே எடுப்பதில்லை, எடுக்கலாம் என்று போகிற அன்றைக்குப் பார்த்து செல்ஃப் எடுக்கவில்லை. அதனால் இந்த முறை மைலேஜ், டயர் கேள்விகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு பேட்டரி மட்டும்.

கே: போர்ஷே பாக்ஸ்டர், 987 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மகளைப் பார்க்க ஒன்றரை மாதம் அமெரிக்கா போய்விட்டு வந்தால் ரிமோட்கூட வேலை செய்யவில்லை. சாவி போட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் பேட்டரி இருப்பது முன் டிக்கியில், அதைத் திறக்கும் பட்டனுக்கோ கரண்ட் வேண்டும்! ஹெட்லைட் பக்கமாக நெம்பிவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். செய்யலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

நெம்ப வேண்டாம், தயவுசெய்து. பெட்டிச் சாவியை பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான் இது, ஆனால் வண்டியைச் செய்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காருக்குள் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது அல்லவா, அதன் மூடியைக் கழற்றினால் சிவப்பாக ஒரு பாசிட்டிவ் முனை தெரியும், அதை வெளியே இழுக்கலாம். இன்னொரு 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதில் மாட்டுங்கள். நெகட்டிவை கதவுச் சட்டத்தில் பூட்டு மாட்டிக்கொள்ளும் அந்த இரும்புக் கொண்டியில் கடியுங்கள். மாட்டியவுடன் அலாரம் அலறும், பயந்துபோய் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள், ரிமோட்டை அழுத்தினால் அடங்கிவிடும். பிறகு முன் டிக்கி பட்டனை அழுத்துங்கள், திறந்துகொள்ளும். அந்த முனை டிக்கியைத் திறக்க மட்டும்தான், அதன் வழியாக எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயற்சி செய்யக்கூடாது. இன்னொன்று, இந்தக் காரில் கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி வழிவிடும். கரண்ட் இல்லாதபோது இறங்காது. கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியோ மேலே உள்ள ரப்பரோ வீணாகும்.

ஒன்றரை மாதத்தில் ஏன் இப்படி ஆனது என்றால், பூட்டி நிறுத்திய காரும் முழுசாகத் தூங்குவதில்லை. அலாரம் விழித்திருக்கிறது, ரிமோட் சத்தத்துக்கு ஒரு ரிசீவர் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது, கம்ப்யூட்டர்கள் தங்கள் நினைவைப் பிடித்து வைத்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து நல்ல நிலையில் உள்ள காரிலேயே 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரி 25 நாளில் பாதி காலி. நீங்கள் போனது ஒன்றரை மாதம், அதாவது 45 நாள், 54 ஆம்பியர் ஹவர் போய்விட்டது. மிச்சத்தை பேட்டரி தானாகவே இழந்திருக்கும், வெயில் காலத்தில் அது இன்னும் வேகம். உங்கள் காரில் கோளாறு எதுவும் இல்லை, இது வெறும் கழித்தல் கணக்கு.

இனி பேட்டரியை மாற்றுவதா, காப்பாற்றுவதா? ஈய பேட்டரி காலியாகும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து திரும்பிவிடும். வாரக்கணக்கில் காலியாகவே கிடந்தால் கல் போல இறுகி, அந்த இடம் இனி வேலைக்கு ஆகாது. அதனால் நல்ல சார்ஜரில் மெதுவாக முழுசாக ஏற்றி, ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பிழைத்தது, ஆனாலும் கடையில் லோடு டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள். 12.4-க்குக் கீழே விழுந்தால் அதன் மேல் மேலும் காசும் நேரமும் போடாதீர்கள். நாலைந்து வயதான பேட்டரி என்றால் நான் இந்தப் பரீட்சைகூட வைக்க மாட்டேன், நேராகப் புதுசுதான்.

வாங்கும்போது பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும், பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதும், அடியில் கிளாம்ப் பிடிக்கும் விளிம்பும் ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பியக் கார்களுக்கு டின் (DIN) வகை என்பார்கள், முனைகள் மேல் மட்டத்துக்கு உள்ளே அமுங்கியிருக்கும். ஜப்பானிய வகையில் முனைகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பேட்டரியிலிருந்து வரும் புகையை வெளியே விடும் குழாயை மாட்டத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். எக்ஸைடா, ஆமரானா, வார்ட்டாவா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எது போன மாதம் தயாரானதோ அது. கடை அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய பேட்டரிக்கும் உங்கள் ஷெட்டில் தூங்கிய பேட்டரிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தயாரிப்புத் தேதியைப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து, 12.5-க்குக் கீழே இருந்தால் வேறு எடுத்து வரச் சொல்லுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். காரணம் தெரிந்தால் மறக்காது: காரின் இரும்பு உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்தால், அந்த ஸ்பேனர் கொஞ்சம் வழுக்கி பாடியில் பட்டாலே முழு பேட்டரியும் அதன் வழியாகப் பாயும். எனக்கு இருபத்திரண்டு வயதில் நடந்தது. நடுவில் என் மோதிரம் மாட்டிக்கொண்டது, இரண்டு விநாடிகூட இருக்காது, தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது. அன்றிலிருந்து பானெட்டைத் திறந்தால் மோதிரம், வாட்ச் இரண்டும் சட்டைப்பைக்குள் போய்விடும்.

மாட்டி முடித்ததும் பவர் விண்டோக்களை ஒருமுறை மேலே முட்டும்வரை ஏற்றி பட்டனைப் பிடித்து வையுங்கள், தன் எல்லையை மறந்திருக்கும். டேஷ்போர்டில் ஸ்டெபிலிட்டி விளக்கு எரிந்தால் கலவரப்பட வேண்டாம், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிக் கொஞ்சம் ஓட்டினால் அணையும். இந்த வேலை முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு முன் டிக்கியை மூடாதீர்கள். மறுபடி முதல் பத்திக்குப் போக வேண்டியிருக்கும்.

அடுத்த முறை அமெரிக்கா போகும்போது பேட்டரி மெயின்டெய்னர் ஒன்று மாட்டிவிட்டுப் போங்கள். பழைய காலத்து ட்ரிக்கிள் சார்ஜர் அல்ல. அது நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்து பேட்டரியைக் காயவைத்துவிடும். மெயின்டெய்னர் நிறைந்ததும் அடங்கி, 13 வோல்ட்டுக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மாதக்கணக்கில் விடலாம். ஃபெராரி வாங்கினால் இப்படி ஒன்றைக் காரோடு தருகிறார்கள், அவர்களுக்குத் தெரியும் அந்தக் காரை யாரும் தினம் ஓட்டப்போவதில்லை என்று. நம் ஊருக்கு ஒரு கூடுதல் கேள்வி: கரண்ட் போய் வந்தால் அது தானாகவே மறுபடி வேலையைத் தொடங்குமா? விலை குறைந்த சிலவற்றில் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்த வேண்டும். நீங்கள் நியூஜெர்சியில் இருக்கும்போது யார் வந்து அழுத்துவது?

கே: மகன் சிங்கப்பூரில் வேலை. அவனுடைய பிஎம்டபிள்யூ இசட்4, 2011 வண்டி, எங்கள் வீட்டில் நிற்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். இருந்தும் இரண்டு வருடத்தில் இரண்டாவது பேட்டரி. (வேளச்சேரி வாசகர்)

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், "இருந்தும்" இல்லை, ஓரளவு "அதனால்தான்". ஸ்டார்ட் செய்வதற்கே பெரிதாகச் செலவாவதில்லை, இருநூறு ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு மூன்று விநாடிதான். பிரச்சினை, பேட்டரி ஒருநாளும் நிறைவதே இல்லை. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம், தன் முழு பலத்தைக் காட்டாது, வருகிற கொஞ்சத்தையும் ஏசி, விளக்கு, ஃபேன் பங்கு போட்டுக்கொள்ளும். அதோடு ஈய பேட்டரி ஒரு குணம் வைத்திருக்கிறது, முதல் எண்பது சதவீதத்தைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும், கடைசி இருபதுக்கு எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் மணிக்கணக்கில் நேரம் கேட்கும். பத்து நிமிடத்தில் அது நடக்காது. வெள்ளிக்கு வெள்ளி முக்கால்வாசியிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தால் அந்த சல்பேட் கல் மெல்ல மெல்லக் கட்டிவிடும். எஞ்சினுக்கும் நல்லதல்ல, அரைகுறையாகச் சூடாகி நின்றால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் தங்கும்.

ஸ்டார்ட் செய்வதானால் ஓட்டுங்கள். ஓஎம்ஆரிலோ ஈசிஆரிலோ முக்கால் மணி, ஒரு மணி நேரம் போய்விட்டு வாருங்கள், டயருக்கும் பிரேக்குக்கும்கூட அதுதான் வேண்டும். முடியாதா, தொடவே தொடாதீர்கள், மெயின்டெய்னரை மாட்டுங்கள். அதை நேராக பேட்டரி முனைகளில் மாட்டாமல் பானெட்டுக்கு அடியில் ஜம்ப் செய்வதற்கென்று, அதாவது வேறு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதற்கென்று, இருக்கும் முனைகளில் மாட்டுவது நல்லது. இந்த வண்டியில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்கு எழுதுகிறது. நேராக முனையில் மாட்டினால் அந்தக் கணக்கில் வரவு ஏறாது.

அந்தச் சென்சார் இருப்பதால்தான் அடுத்த கேள்வி: போன முறை பேட்டரி மாற்றியவர் காரின் கம்ப்யூட்டரில் புது பேட்டரியைப் பதிவு செய்தாரா? செய்யாவிட்டால் வண்டி இன்னும் பழைய கிழட்டு பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்து அதற்கேற்றபடி சார்ஜ் கொடுக்கும். முதல் பேட்டரியின் கதை வெள்ளிக்கிழமை, இரண்டாவதன் கதை இதுவாக இருக்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த நல்ல ஒர்க்ஷாப்பிலும் ஐந்து நிமிட வேலை.

கே: ஸ்கார்பரோவில் இருக்கிறோம். 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5, நவம்பரில் மூடினால் ஏப்ரலில்தான் எடுப்போம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டுமா? சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்கிறார் மாமனார். டிக்கியில் வேறு ஏதோ புளிப்பு வாசம் வருகிறது. (கனடா வாசகி)

வாசத்தை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். அந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் வந்ததிலிருந்தே பேட்டரி டிக்கியில்தான், வலது மூலையில். கம்பெனியிலிருந்து வந்தது பானாசோனிக் செய்த ஏஜிஎம் வகை. ஆசிட் திரவமாகத் தளும்பாமல் கண்ணாடி நார்ப் பாய்க்குள் உறிஞ்சப்பட்டிருக்கும். புகை வெளியே போவதற்குச் சின்னக் குழாயும் உண்டு. முப்பது வருடத்தில் யாரோ ஒருவர் மலிவாக சாதாரண பேட்டரியை வைத்து அந்தக் குழாயை அப்படியே தொங்கவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் வெளியே போக வழியில்லாமல் டிக்கிக்குள் சுற்றும். வாசம் வருவது அதுதான். பேட்டரியைத் தூக்கிவிட்டு அடியில் பாருங்கள், பெயிண்ட் பொங்கித் துரு பிடித்திருந்தால் சோடா உப்புக் கரைசலால் கழுவி, காயவைத்து, பெயிண்ட் அடித்துவிட்டு, இந்தக் காருக்கென்றே விற்கும் ஏஜிஎம் பேட்டரி வாங்கிக் குழாய்களை மாட்டுங்கள். விலை கூட. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஏஜிஎம்முக்கு ஏற்ற சார்ஜராகவும் இருக்க வேண்டும், ரீகண்டிஷன் என்று 15 வோல்ட்டுக்கு மேல் தூக்கும் பட்டனை அதில் அழுத்தாதீர்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் தப்பாகப் பயப்படுகிறார்கள். பேட்டரியைக் கொல்வது வெயில், குளிர் வெறுமனே காட்டிக்கொடுக்கும். நிறைந்த பேட்டரி டொராண்டோ குளிரில் உறையாது, தானாக இறங்கும் வேகமும் குளிரில் மிகக் குறைவு. காலி பேட்டரி வேறு விஷயம், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர், மைனஸ் பத்து டிகிரி வாக்கிலேயே உறைந்து பெட்டி விரிசல் விடும். உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது. ஆக, கராஜில் பிளக் இருந்தால் காரிலேயே விட்டு மெயின்டெய்னர் மாட்டுங்கள். இல்லையென்றால் முழுசாக ஏற்றி நெகட்டிவைக் கழற்றிவிட்டால் போதும், மனசு கேட்கவில்லையென்றால் பேஸ்மென்ட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

மாமனார் சொல்வது பொய்யில்லை, பழசு. அந்தக் காலத்தில் பேட்டரிப் பெட்டிகள் மரத்திலும் கடின ரப்பரிலும் இருந்தன, ஈரம் ஊறிக் கசியும். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியை எந்தத் தரையிலும் வைக்கலாம். அவர் திருப்திக்கு ஒரு பலகை போட்டால் குறைந்தா போய்விடும்.

கே: அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மஸ்டாங். பத்தே நாளில் பேட்டரி டவுன். பேட்டரி புதுசு. பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் கிடையாது, அசோசியேஷன் தராது. (அண்ணாநகர் வாசகர்)

பத்து நாள் என்றால் 150, 200 மில்லிஆம்பியராவது எங்கோ ஓடுகிறது. டேஷ்கேம் வைத்திருக்கிறீர்களா? பார்க்கிங் மோடு? ஜிபிஎஸ் டிராக்கர், வெளியே போட்ட ஆம்ப்ளிஃபயர்? பத்தில் எட்டு முறை இவற்றில் ஒன்றுதான். கண்டுபிடிக்க, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் நடுவில் மாட்டி, திறந்திருக்கும் கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் மூடியதுபோல் ஏமாற்றி, பூட்டிவிட்டு அரை மணி, முக்கால் மணி காத்திருங்கள். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப்போகும், அதற்கு முன் பார்த்தால் எண் பெரிதாகவே காட்டும். அப்போதும் 50 மில்லிஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவினால் எண் விழுகிறதோ அதுதான் திருடன். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

பிளக் இல்லாததற்கு, நெகட்டிவில் கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்று போடலாம். அலாரம் வேலை செய்யாது, கடிகாரம் மறந்துபோகும், உள்ளூர் பேஸ்மென்ட்டில் அது பெரிய விஷயமில்லை. ஆனாலும் சென்னைச் சூட்டில் தானாக இறங்குவது நிற்காது, மாதம் ஒரு நல்ல ஓட்டம் கட்டாயம். ஜம்ப் செய்து கிளப்பிவிட்டு மகாபலிபுரம் போய் வந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஆல்டர்னேட்டர் இருக்கும் சார்ஜைக் காப்பாற்ற வந்தது, செத்த பேட்டரியை எழுப்ப வந்ததல்ல. முதலில் வீட்டு சார்ஜர், பிறகு மகாபலிபுரம்.

கே: லித்தியம் பேட்டரி போட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா? (பெங்களூரு வாசகர்)

எடை தீரும். போர்ஷே 2009 கடைசியில் 911 ஜிடி3-க்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை அறிவித்தபோது ஆறு கிலோவுக்கும் குறைவு, ஈய பேட்டரியைவிடப் பத்து கிலோ மிச்சம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அது சரியாக இழுக்காது என்று கூடவே ஒரு சாதாரண பேட்டரியையும் தந்தார்கள்! பெங்களூருவில் அந்தக் குளிர் இல்லைதான். காரின் ரகசிய இழுப்போ லித்தியத்தையும் விடாது, ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் காவல்கார சர்க்யூட் மொத்தமாகத் துண்டித்துவிடும். சார்ஜரும் லித்தியத்துக்கென்று வேறு வேண்டும். ரேஸ் டிராக்கில் விநாடிகளை எண்ணுபவராக இருந்தால் வாங்குங்கள். ஷெட்டில் நிற்கும் காருக்கு எதற்கு?

கே: சான் ஸ்டார்ம் வைத்திருக்கிறேன், ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எடுப்பேன். இந்த முறை ஜம்ப் செய்யப் பார்த்தால் நெகட்டிவை பாடியில் கடித்தும் ஒரு அசைவும் இல்லை. கேபிள் கோளாறா? (மதுரை வாசகர்)

கோவாவில் செய்த அந்த ரெண்டு சீட்டர் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறதா! ஒரு போட்டோ அனுப்புங்கள். கேபிளில் கோளாறு இல்லை, உங்கள் கார் உடம்பு ஃபைபர் கிளாஸ். அதில் கிளாம்பைக் கடித்தால் வீட்டு மரக் கதவு நிலையில் கடித்த மாதிரிதான், கரண்ட் போக வழியே இல்லை. எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டைப் பிடியுங்கள், அல்லது சேஸிஸ் இரும்பை. அதற்கு முன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் தகடு வெளியே தெரிகிறதா என்று பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஆனால் ஒரு வருடம் சும்மா நின்ற பேட்டரி என்பதால், இதெல்லாம் செய்தும் எடுக்கவில்லை என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.